போகிற ஊரில் ஒரு நிறுவனம்: காவிரி டெல்டாவில் தொழில் நட்பு வளர்க்க முழுமையான வழிகாட்டி

சென்னையிலோ பெங்களூரிலோ ஸ்டார்ட்அப் நடத்தும் டெல்டாக்காரர்கள் வருஷத்தில் பல தடவை ஊருக்கு வருகிறார்கள். பொங்கல், குலதெய்வ வழிபாடு, அத்தை வீட்டுக் கல்யாணம், நிலத்துப் பத்திர வேலை என்று ஏதாவது ஒரு காரணம் இருக்கும். தஞ்சாவூரிலும் திருச்சியிலும் நிறுவனம் வைத்திருப்பவர்கள் சரக்கு, கடன், உரிமம் என்று மாவட்டம் மாவட்டமாகச் சுற்றுகிறார்கள். இந்தப் பயணங்களில் அரை நாளை ஒதுக்கி, அந்த ஊரில் இயங்கும் ஒரு நிறுவனத்துக்குள் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். கருத்தரங்கில் விசிட்டிங் கார்டு மாற்றிக்கொள்வதால் கிடைக்காத உறவுகள் இதில் கிடைக்கும். ஒரு ஆளை அவர் வேலை செய்யும் இடத்தில் பார்ப்பது வேறு, ஹோட்டல் அரங்கில் பார்ப்பது வேறு.

எல்லாவற்றுக்கும் முன்னால் நான் வைக்கும் விதி ஒன்று உண்டு. உங்களுக்கு எதுவும் தேவைப்படாத நேரத்தில் போங்கள். முதல் சந்திப்பிலேயே ஆர்டர், முதலீடு, சிபாரிசு என்று கேட்டு நிற்பவரை இங்குள்ள முதலாளிகள் உட்காரவைத்துக் காபி கொடுத்து, முகம் கோணாமல் அனுப்பிவிடுவார்கள். அத்தோடு முடிந்தது. தொழிலைத் தெரிந்துகொள்ள வந்தவரை மட்டும்தான் உள்ளே அழைத்துப் போய்க் காட்டுவார்கள். கீழே சொல்லும் ஒவ்வொரு படியும் இந்த விதியிலிருந்து வருவதுதான்.

படி 1: யாரைப் பார்ப்பது என்று முடிவு செய்யுங்கள்

பெரும்பாலானவர்கள் தங்களைப் போன்ற ஸ்டார்ட்அப்களை மட்டும் தேடுகிறார்கள். ஐ.டி. நிறுவனம் நடத்துபவர் ஐ.டி. நிறுவனத்தைத்தான் பார்க்க வேண்டும் என்று நினைப்பதால், டெல்டாவில் பார்க்க ஒன்றுமில்லை என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். இங்கே தொழில்கள் நிறையவே இருக்கின்றன. முகப்பில் பளபளப்பான பலகை இருக்காது, அவ்வளவுதான்.

கும்பகோணத்தில் 1904-ல் சிறிய வங்கியாகத் தொடங்கிய சிட்டி யூனியன் வங்கி இன்றும் அதே ஊரைத் தலைமையிடமாக வைத்து நாடு முழுக்கக் கிளைகள் நடத்துகிறது. சுவாமிமலையில் வெண்கலச் சிலை வார்க்கும் பட்டறைகள், நாச்சியார்கோவிலில் குத்துவிளக்குப் பட்டறைகள், திருபுவனத்தில் பட்டு நெசவு என எல்லாம் கும்பகோணத்தைச் சுற்றிச் சில கிலோமீட்டருக்குள் இருக்கின்றன. மூன்றும் புவிசார் குறியீடு பெற்றவை. தஞ்சாவூர், திருவாரூர், மன்னார்குடிப் பக்கம் முழுக்க நவீன அரிசி ஆலைகள். பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தேங்காய், கொப்பரை, கயிறு. நாகப்பட்டினத்தில் மீன். வேதாரண்யத்தில் உப்பு. டெல்டாவின் தலைமாட்டில் இருக்கும் திருச்சியில், பெல் என்ற மத்திய அரசு நிறுவனத்தின் பாய்லர் தொழிற்சாலையைச் சுற்றித் துவாக்குடியில் வளர்ந்த இரும்புப் பட்டறைகள்.

துவாக்குடியைத் தனியாகச் சொல்ல வேண்டும். பெல் என்ற ஒரே பெரிய வாடிக்கையாளரை நம்பி வளர்ந்த நூற்றுக்கணக்கான சிறு நிறுவனங்கள், அந்த வாடிக்கையாளரிடம் ஆர்டர் குறைந்தபோது என்ன பட்டன, அதில் தப்பியவர்கள் என்ன செய்தார்கள் என்பதை அங்கே உள்ளவர்கள் வாயால் கேட்க வேண்டும். வருமானத்தில் பெரும்பகுதி ஒரே கம்பெனியிலிருந்து வரும் மென்பொருள் நிறுவனத்தாருக்கு அதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

நிறுவனங்களோடு இரண்டு மூன்று ஆராய்ச்சி நிலையங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தஞ்சாவூர் புதுக்கோட்டை சாலையில் இருக்கும் நிஃப்டெம் என்ற தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனம், 1967-ல் திருவாரூரில் நெல் பதப்படுத்தும் ஆராய்ச்சி மையமாகத் தொடங்கியது. உணவுத் தொழிலில் இருப்பவர் அங்கே போகாமல் இருக்கக் கூடாது. ஆடுதுறையில் 1922-லிருந்து இயங்கும் நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, விவசாயிகள் ‘ஏ.டி.டி.’ என்று சொல்லும் ரகங்கள் அங்கே பிறந்தவைதான். வல்லத்தில் பெரியார் மணியம்மை நிறுவனத்தின் இன்குபேட்டரும் (புது நிறுவனங்களுக்கு இடமும் உதவியும் கொடுத்து வளர்க்கும் மையம்), திருச்சி என்.ஐ.டி.யின் இன்குபேட்டரும், 2024-ல் தஞ்சாவூரில் திறந்த டைடல் நியோ ஐ.டி. பூங்காவும் உங்களைப் போன்ற ஸ்டார்ட்அப்களைச் சந்திக்கச் சரியான இடங்கள்.

ஒரு பயணத்துக்கு இரண்டு வகையைத் தேர்ந்தெடுங்கள். ஒன்று, உங்கள் தொழிலோடு நேரடித் தொடர்புள்ளது: வாடிக்கையாளராகவோ சரக்குக் கொடுப்பவராகவோ ஆகக்கூடியவர். இன்னொன்று, உங்களுக்குச் சம்பந்தமே இல்லாதது. இரண்டாவதைத் தவறவிடாதீர்கள். அங்கே போட்டி பயம் இல்லாததால் பேச்சு தாராளமாக வரும்.

படி 2: பருவம் பார்த்து நாள் குறியுங்கள்

டெல்டாவில் தொழில்களின் நாள்காட்டி ஆற்றுத் தண்ணீரோடு ஓடுகிறது. மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-ல் திறக்கப்படும். அதை வைத்துக் குறுவை; செப்டம்பர், அக்டோபரில் அறுவடை. சம்பா அறுவடை ஜனவரி, பிப்ரவரியில். தாளடி அதற்குச் சற்றுப் பின்னால். அறுவடைக் காலத்தில் அரிசி ஆலை இரவு பகலாக ஓடும். முதலாளி லாரிக்கும் நெல் காயவைக்கும் டிரையருக்கும் நடுவே நின்றுகொண்டிருப்பார். ஆலை ஓடுவதைப் பார்க்க ஆசைப்பட்டால் அப்போது போங்கள், ஆனால் பேச நேரம் கேட்காதீர்கள். உட்கார்ந்து பேச வேண்டும் என்றால் ஏப்ரலிலிருந்து ஆகஸ்ட் வரை நல்ல காலம்.

குத்துவிளக்குப் பட்டறைகளில் கார்த்திகை தீபத்துக்கு முந்தைய வாரங்கள் நெருக்கடி. பட்டுக்குத் தீபாவளியும் முகூர்த்த மாதங்களும். அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. நாகை, வேதாரண்யம் பக்கம் போகத் திட்டம் போட்டால் மாற்றுத் தேதி ஒன்றையும் கையில் வைத்திருங்கள்.

வெளியூர்க்காரர்கள் கவனிக்காத விஷயம் ஒன்று: மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை. எந்தத் துணைமின் நிலையத்தில் எந்த நாள் என்று மின்வாரியம் முன்கூட்டியே அறிவிக்கும், உள்ளூர்ச் செய்தித்தாளில் வரும். அன்று காலை 9 மணியிலிருந்து மாலை வரை அந்தப் பகுதியில் கரண்ட் இருக்காது. மெஷின் பார்க்க வேண்டும் என்றால் அந்த நாளைத் தவிருங்கள். முதலாளியோடு நிதானமாகப் பேச வேண்டும் என்றால் அதே நாளைப் பிடியுங்கள். சத்தமும் இருக்காது, அவருக்கு அவசர வேலையும் குறைவாக இருக்கும்.

நாளுக்கு இரண்டு இடம் போதும். காலை 10:30-க்கு ஒன்று, மாலை 4-க்கு ஒன்று. நடுவில் மதியச் சாப்பாடும் ஓய்வும் இங்கே உண்டு. இரண்டரை மணிக்குப் போய் நின்றால் ஒருவரின் தூக்கத்தைக் கெடுப்பீர்கள். அமாவாசையன்றும் ராகு காலத்திலும் புதிதாக எதையும் பேசாதவர்கள் இருக்கிறார்கள். நேரத்தை அவர்களையே குறிக்கச் சொல்லிவிட்டால் இந்தச் சங்கடம் வராது.

படி 3: வழியை மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள்

ஒரே பயணத்தில் டெல்டா முழுவதையும் பார்க்க முடியாது. முதல் வழி திருச்சி, துவாக்குடி, வல்லம், தஞ்சாவூர். சுமார் 55 கிலோமீட்டர் நல்ல சாலை. விமானத்தில் வருபவர்களுக்கும் தோது. இரண்டாவது தஞ்சாவூர், சுவாமிமலை, கும்பகோணம், திருபுவனம், ஆடுதுறை, மயிலாடுதுறை. இந்த வழியில் ரயிலே போதும். சென்னை எழும்பூரிலிருந்து வரும் சோழன் விரைவு ரயில் மயிலாடுதுறை, கும்பகோணம், தஞ்சாவூர் என்று வரிசையாக நிற்கும். மூன்றாவது தெற்கு: மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம் ஒரு பக்கம், பட்டுக்கோட்டை, பேராவூரணி இன்னொரு பக்கம். இதற்குக் கார் வேண்டும்.

மூன்றாவது வழியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கரை கடந்த கஜா புயலில் அந்தப் பக்கத்துத் தென்னந்தோப்புகள் அடியோடு சாய்ந்தன. தென்னை நட்டுக் காய்க்கப் பல வருஷம் ஆகும். அந்த இடைவெளியைத் தாண்டித் தொழிலைக் காப்பாற்றி வைத்திருக்கும் கயிறு, கொப்பரை முதலாளிகள் அங்கே இருக்கிறார்கள். மூலப்பொருளே இல்லாமல் போனபோது ஆட்களை எப்படி வைத்துக்கொண்டார்கள், வங்கியிடம் என்ன பேசினார்கள் என்பது எந்த நிறுவனருக்கும் பயன்படும். அதே தெற்கில் திருத்துறைப்பூண்டிப் பக்கம் மறைந்த நெல் ஜெயராமன் கட்டி எழுப்பிய பாரம்பரிய நெல் இயக்கத்தின் வேர் இருக்கிறது. மாப்பிள்ளை சம்பா, தூயமல்லி, காட்டுயானம் போன்ற ரகங்களை வைத்துத் தொழில் செய்யும் சிறு நிறுவனங்களும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களும் அந்த வட்டாரத்தில் உண்டு.

படி 4: சொல்லிவிட ஒரு ஆளைப் பிடியுங்கள்

லிங்க்ட்இன் இங்கே பெரிதாக உதவாது. அரிசி ஆலை முதலாளியோ பாத்திரப் பட்டறைக்காரரோ அதில் இருக்க மாட்டார். இருந்தாலும் பார்க்க மாட்டார். தெரிந்தவர் ஒருவர் போன் பண்ணி “நம்ம தம்பிதான், வந்து பார்க்கட்டும்” என்று சொன்னால்தான் கதவு திறக்கும்.

அந்த ஆள் யார்? சொந்தக்காரரைத் தேடுவதை விட, தொழில் நிமித்தமாகப் பல நிறுவனங்களுக்குள் போய்வருபவரைத் தேடுங்கள். ஆடிட்டர் முதல் ஆள்; ஒரு நடுத்தர ஊரில் இரண்டு மூன்று ஆடிட்டர்களுக்குள் பாதித் தொழில்கள் அடங்கிவிடும். அடுத்து மெஷின் சர்வீஸ் செய்பவர்: கலர் சார்ட்டர் (நிறம் மாறிய அரிசியைப் பிரிக்கும் மெஷின்), பாய்லர், ஜெனரேட்டர் பழுது பார்க்க வருபவருக்கு ஒவ்வொரு ஆலையின் உள்விவரமும் தெரியும். சாக்கு, அட்டைப்பெட்டி கொடுப்பவர், லாரி புக்கிங் ஆபீஸ்காரர், வங்கியில் தொழில் கடன் பார்க்கும் அதிகாரி, மாவட்டத் தொழில் மையத்தில் இருப்பவர்கள் எல்லோரும் இந்த வரிசையில் வருவார்கள்.

அவர்களிடம் நம்பர் மட்டும் வாங்கிக்கொண்டு போகாதீர்கள். “சார், நீங்களே ஒரு வார்த்தை சொல்லிட்டு, அவர் சரின்னா எனக்கு நம்பர் கொடுங்க” என்று கேளுங்கள். அவரைக் கேட்காமல் கொடுக்கப்பட்ட நம்பருக்கு நீங்கள் செய்யும் அழைப்பு இரண்டு பேரிடமும் உங்கள் பெயரைக் கெடுக்கும். அறிமுகம் செய்தவருக்கு உங்களால் ஒரு பொறுப்பு வந்துவிட்டது என்பதையும் மறக்க வேண்டாம். நீங்கள் அங்கே தாமதமாகப் போனால் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான்.

படி 5: செய்தி அனுப்புங்கள்

வாட்ஸ்அப் போதும். ஆனால் முழு விவரமும் ஒரே செய்தியில் இருக்க வேண்டும். “வணக்கம் சார்” என்று மட்டும் அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்காதீர்கள். நெல் ஈரப்பதம் அளக்கும் கருவி செய்பவர் ஒருவர் அரிசி ஆலைக்கு எழுதுவதாக வைத்துக்கொண்டால், இப்படி எழுதலாம்:

“வணக்கம் சார். தஞ்சாவூர்ல நெல் ஈரப்பதம் பார்க்குற கருவி செய்யுற சின்ன நிறுவனம் நடத்துறேன். ஆடிட்டர் சார் என்னைப் பத்திச் சொல்லியிருப்பார்னு நினைக்கிறேன். வர்ற செவ்வாய், புதன் ரெண்டு நாளும் கும்பகோணத்துல இருப்பேன். உங்க ஆலையில நெல் காயவைக்கிற பகுதியை மட்டும் ஒரு முக்கால் மணி நேரம் பார்க்க அனுமதி கிடைக்குமா? விக்கிறதுக்கு எதுவும் கொண்டு வரலை. போட்டோ எடுக்க மாட்டேன். கூட என் பார்ட்னர் ஒருத்தர் வருவார். உங்களுக்குத் தோதான நேரத்தைச் சொன்னா அப்படியே வந்துடுறோம். இந்தத் தடவை முடியலைன்னாலும் பரவாயில்லை சார், அடுத்த தடவை வரும்போது கேட்கிறேன்.”

இதில் ஒவ்வொரு வரிக்கும் வேலை இருக்கிறது. எந்தப் பகுதி என்று சொன்னதால் மொத்த ஆலையையும் திறந்து காட்ட வேண்டுமோ என்ற தயக்கம் போகிறது. விற்க வரவில்லை, படம் எடுக்க மாட்டேன் என்பது அவர் மனதில் முதலில் வரும் இரண்டு சந்தேகங்களுக்குப் பதில். எத்தனை பேர் என்று சொன்னால் அவர் வீட்டில் காபிக்குச் சொல்லிவைப்பார். கடைசி வரி அவர் மறுப்பதற்கு வழிவிடுகிறது. மறுக்க வழி இருக்கும்போதுதான் மனசார ஒப்புக்கொள்வார்கள்.

இரண்டு நாளில் பதில் இல்லை என்றால் ஒரு முறை போன் செய்யலாம், காலை 11 மணி வாக்கில். அதற்குமேல் விட்டுவிடுங்கள். நீங்கள் அவருக்குப் போட்டியாளராகக் கருதப்பட வாய்ப்பிருந்தால் முதல் செய்தியிலேயே அதைச் சொல்லிவிட வேண்டும். உள்ளே போய்ப் பார்த்த பிறகு தெரியவந்தால், அந்த ஊரில் மட்டுமில்லாமல் பக்கத்து நாலு ஊரிலும் உங்களுக்குக் கதவு மூடிவிடும். டெல்டா அவ்வளவு சின்ன இடம்.

படி 6: போவதற்கு முன்னால் படித்துவிட்டுப் போங்கள்

ஒரு மணி நேரம் செலவழித்தால் போதும். அரிசி ஆலைக்குப் போகிறவர் ஊறவைப்பது, அவிப்பது, காயவைப்பது, உமி நீக்குவது, தீட்டுவது, கலர் சார்ட்டரில் பிரிப்பது என்ற வரிசையைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். அரசுக்கு அரைத்துக் கொடுக்கும் ஆலைகள் 100 கிலோ நெல்லுக்குப் புழுங்கல் என்றால் 68 கிலோ, பச்சரிசி என்றால் 67 கிலோ திருப்பித் தர வேண்டும் என்ற கணக்கையும், கொள்முதல் நிலையத்தில் வழக்கமான ஈரப்பத வரம்பு 17 சதவீதம் என்பதையும் தெரிந்துகொண்டு போனால், முதல் ஐந்து நிமிஷத்திலேயே பேச்சு அடிப்படையைத் தாண்டிவிடும்.

உடை எளிமையாக, உடம்போடு ஒட்டியதாக இருக்கட்டும். பெல்ட் ஓடும் இடத்தில் துப்பட்டா, தொங்கும் அடையாள அட்டை, தளர்ந்த வேட்டி எதுவும் ஆபத்து. ஆலைத் தூசி ஒத்துக்கொள்ளாதவர்கள் மாஸ்க் எடுத்துப் போங்கள். உணவு தயாரிக்கும் இடத்தில் தலைக்கு உறை, காலுக்கு அவர்கள் கொடுக்கும் செருப்பு என்று எதைச் சொன்னாலும் மறுபேச்சில்லாமல் செய்யுங்கள்.

பெண் தொழில்முனைவோருக்கு ஒரு வார்த்தை. இரண்டு பேராகப் போவதும், இடத்தின் லொகேஷனை வீட்டில் ஒருவருக்கு அனுப்பிவைப்பதும், முதல் சந்திப்பைப் பகல் நேரத்தில் வேலை நடக்கும் இடத்திலேயே வைத்துக்கொள்வதும் நல்லது. கூட வரும் ஆணிடமே முதலாளி பேசிக்கொண்டிருந்தால், அவர் “அவங்கதான் சார் நிறுவனர், நான் கூட வந்தவன்” என்று சொல்லி ஒதுங்கிக்கொள்ள வேண்டும். இதை முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்ளுங்கள்.

படி 7: உள்ளே போன பிறகு

பத்து நிமிஷம் முன்னால் போய் வாசலில் இருங்கள். வாட்ச்மேனிடம் பெயரும் ஊரும் சொல்லி உட்காருங்கள். தண்ணீரோ காபியோ வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். வேண்டாம் என்று இரண்டு தடவை மறுத்தால் வந்த வேலைக்கு மட்டும் வந்தவராகிவிடுவீர்கள். வயதில் மூத்தவரை ‘ஐயா’ என்றோ ‘சார்’ என்றோ அழைப்பது சரி. அவர் உங்களைத் ‘தம்பி’, ‘பாப்பா’ என்று அழைத்தால் அதில் கனிவு இருக்கிறது. அதற்காக உடனே ‘அண்ணே’ என்று நெருங்கிவிடாதீர்கள், அவராகச் சொல்லட்டும்.

உங்களைப் பற்றி இரண்டு வரிக்கு மேல் பேசாதீர்கள். லேப்டாப்பை வெளியே எடுக்க வேண்டாம். நடந்து பார்க்கலாமா என்று கேளுங்கள். உட்கார்ந்தால் பொதுவான பேச்சு வரும். மெஷின் பக்கத்தில் நின்றால்தான் உண்மையான பேச்சு வரும்.

எனக்குத் தெரிந்த நண்பர் ஒருவர் மேலே சொன்னது போலவே ஈரப்பதக் கருவி செய்பவர். ஓர் ஆலையில் டிரையருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். அங்கே வேலை செய்யும் பெரியவர் கீழே விழும் நெல்லைக் கைநிறைய அள்ளி, இரண்டு மணியைப் பல்லில் வைத்துக் கடித்து, “இன்னும் ரெண்டு மணி நேரம் ஓடட்டும்” என்றார். நண்பர் தன் கருவியை அவர் கையில் கொடுத்தார். தூசி அப்பிய விரலால் பெரியவர் தொட்டுத் தொட்டுப் பார்த்தார், தொடுதிரை வேலை செய்யவில்லை. வேட்டியில் விரலைத் துடைத்துக்கொண்டு மறுபடி தொட்டார். அப்போதும் இல்லை. கருவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த கைப்பிடி நெல்லை அள்ளினார். நண்பரின் அடுத்த மாடலில் தொடுதிரை கிடையாது, பெரிய பட்டன் ஒன்றுதான். ஆலை ஆபீஸ் ரூமில் உட்கார்ந்து எவ்வளவு நேரம் பேசியிருந்தாலும் அது தெரிந்திருக்காது.

கேள்விகளைப் பற்றி. வருஷ வரவு செலவு எவ்வளவு, லாபம் எவ்வளவு என்று கேட்கக் கூடாது. நடந்த ஒரு காரியத்தைக் கேளுங்கள், அதிலிருந்து மற்றதெல்லாம் வரும். “இந்த மெஷின் வாங்குறதுக்கு முன்னாடி இந்த வேலையை எப்படிச் செஞ்சீங்க?” “கடைசியா சரக்குத் திரும்பி வந்தது எதனால?” “புதுசா ஒரு ஆளை எடுத்தா எத்தனை நாள்ல தனியா விடுவீங்க?” “உங்க அப்பா காலத்துல இருந்த எந்த வழக்கத்தை விட்டுட்டீங்க, எதை விடலை?” இந்தக் கடைசிக் கேள்விக்கு டெல்டாவில் நல்ல பதில்கள் கிடைக்கும். இங்கே பெரும்பாலான தொழில்கள் இரண்டாவது, மூன்றாவது தலைமுறையின் கையில் இருக்கின்றன.

பணம் வருவதைப் பற்றிக் கேட்கலாம், அது எல்லோருக்கும் பொதுவான வலி. குறு, சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. நடைமுறையில் யார் எப்படி வசூலிக்கிறார்கள் என்பதை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வதில் இரு தரப்புக்கும் லாபம்.

சம்பந்தமில்லாத தொழில் என்று சொன்னேனே, அதற்கு சுவாமிமலை நல்ல எடுத்துக்காட்டு. தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து உருவம் செய்து, அதன்மேல் காவிரி வண்டல் மண்ணைப் பூசிக் காயவைத்து, சூடாக்கி மெழுகை வடித்துவிட்டு, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுகிறார்கள். மெழுகு உருவத்தை எடை போட்டுத்தான் எவ்வளவு உலோகம் உருக்க வேண்டும் என்று கணக்கிடுகிறார்கள். ஆறியதும் மண் அச்சை உடைக்க வேண்டும். ஓர் அச்சு ஒரு சிலைக்குத்தான். மாதிரி செய்யும் கட்டத்திலேயே செலவு கணக்காகிவிடுகிறது, எந்தத் திருத்தமும் மெழுகில் இருக்கும்போதே நடந்துவிட வேண்டும். மென்பொருள் செய்பவரோ மருத்துவக் கருவி செய்பவரோ, இந்த ஒழுங்கை ஒரு பட்டறையில் நின்று பார்த்தால் தன் வேலையில் எது மெழுகு, எது உலோகம் என்று யோசிக்கத் தொடங்குவார்.

வேலை செய்பவர்களுக்கு வணக்கம் சொல்லுங்கள். ஃபோர்மேனிடம் கேட்க வேண்டியதை முதலாளி முன்னால் அவர் அனுமதியோடு கேளுங்கள். தனியாக ஒதுக்கிக் கூட்டிப் போய்ச் சம்பளம் விசாரிப்பது துரோகம். கேட்ட நேரம் முடிந்ததும் நீங்களே “நேரமாச்சு சார், கிளம்புறோம்” என்று எழுந்துவிடுங்கள். அவர் “உக்காருங்க தம்பி” என்றால் உட்காரலாம்.

படி 8: கொடுப்பதற்கு ஒன்று இருக்கட்டும்

ஸ்வீட் பாக்ஸ் தேவையில்லை. உங்கள் பொருள் சாப்பிடுவதாகவோ வீட்டில் பயன்படுவதாகவோ இருந்தால் ஒரு பாக்கெட் போதும். நான் சொல்லும் கொடுப்பு வேறு. நடந்து பார்க்கும்போதே அவருக்கு எங்கே சிக்கல் என்பது தெரிந்துவிடும். ஏற்றுமதிக்கு விசாரணை வந்து ஆங்கிலத்தில் பதில் எழுதத் தயங்கிக் கிடக்கலாம். கூகுள் மேப்பில் ஆலையின் இடம் தப்பாகக் காட்டி லாரிகள் அலையலாம். மகன் இன்ஜினியரிங் முடித்துவிட்டு எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் இருக்கலாம். இதில் உங்களால் முடிந்த ஒன்றை, கேட்காமலே செய்து கொடுங்கள். முடியாததை ஒப்புக்கொள்ளாதீர்கள்.

படி 9: அன்று இரவும் அடுத்த மூன்று மாதமும்

நட்பு உண்டாவதும் உண்டாகாமல் போவதும் இந்தப் படியில்தான். பெரும்பாலானவர்கள் போய்ப் பார்த்துவிட்டு வந்ததோடு விட்டுவிடுகிறார்கள்.

அன்று இரவே எழுதிவையுங்கள்: பார்த்தவர் பெயர், அறிமுகப்படுத்தியவர், அவர் சொன்னதில் புதிதாக இருந்தவை, அவருக்கு இருக்கும் சிக்கல், நீங்கள் ஒப்புக்கொண்ட வேலை, அதற்குத் தேதி. எக்ஸெல் ஷீட்டில் ஆறு நெடுவரிசை போதும். மறுநாள் காலை நன்றிச் செய்தி அனுப்புங்கள், அதில் அவர் சொன்ன ஒரு குறிப்பிட்ட விஷயம் இருக்கட்டும்: “உமி எரிச்சு பாய்லர் ஓட்டுற கணக்கை நீங்க சொன்னது எங்களுக்கு ரொம்ப உபயோகம் சார்.” அறிமுகப்படுத்தியவருக்கும் தனியாக ஒரு போன். இது கட்டாயம்.

ஒரு வாரத்துக்குள் ஒப்புக்கொண்டதைச் செய்து முடியுங்கள். மூன்று மாதத்துக்குள் இன்னொரு தடவை தொடர்புகொள்ளுங்கள். அவர் சொன்னதை வைத்து நீங்கள் செய்த மாற்றத்தைச் சொல்வதுதான் அதற்குச் சிறந்த காரணம். பண்டிகைக்குப் பண்டிகை பூ படம் அனுப்புவது தொடர்பு ஆகாது. அவர் வீட்டுக் கல்யாணத்துக்குப் பத்திரிகை வந்தால் போய்விட்டு வாருங்கள். உங்களிடம் கேட்பதற்கு ஏதாவது இருந்தால், இரண்டாவது மூன்றாவது சந்திப்புக்குப் பிறகு நேரடியாகக் கேட்கலாம். அப்போது அவரே “உனக்கு என்ன தம்பி வேணும்?” என்று கேட்டிருப்பார்.

உள்ளே பார்த்தவற்றை வெளியே போடாதீர்கள். அனுமதி வாங்கி எடுத்த படத்தைக்கூட இன்ஸ்டாகிராமில் போடும் முன்னால் அவருக்கு அனுப்பிக் கேளுங்கள். ஓர் ஆலையில் கேட்ட விலையை இன்னோர் ஆலையில் சொல்லாதீர்கள், “அவர் என்ன விலைக்கு எடுக்குறாரு?” என்று கேட்டாலும் “அது அவரைத்தான் சார் கேக்கணும்” என்று சொல்லிவிடுங்கள். கேட்டவருக்கே அதன்பிறகு உங்கள்மேல் நம்பிக்கை கூடும், தான் சொல்வதும் வெளியே போகாது என்று தெரிந்துவிடுகிறதே.

படி 10: உங்கள் கதவையும் திறந்துவையுங்கள்

நீங்கள் போன இடங்களில் இருந்து ஆட்கள் உங்கள் ஊருக்கு வருவார்கள். ஆலை முதலாளி மகளைக் கல்லூரியில் சேர்க்கச் சென்னை வருவார், பட்டறைக்காரர் கண்காட்சிக்குப் பெங்களூர் வருவார். “வந்தா சொல்லுங்க” என்று பொதுவாகச் சொல்லாமல், அவர் வரும் தேதி தெரிந்ததும் ஆபீஸுக்கு அழையுங்கள். உங்கள் ஆட்களை அறிமுகப்படுத்துங்கள், வேலை எப்படி நடக்கிறது என்று அதே பொறுமையோடு காட்டுங்கள், சாப்பாட்டு நேரம் என்றால் சாப்பிட வைத்து அனுப்புங்கள். அந்த ஊரில் அவருக்குப் பயன்படக்கூடிய இன்னொரு நிறுவனத்துக்கு நீங்களே போன் பண்ணிச் சொல்லிவிடுங்கள். உங்கள் நிறுவனம் தஞ்சாவூரிலோ கும்பகோணத்திலோ இருந்தால், மாதத்தில் ஒரு மாலை நேரத்தை இதற்கென்றே ஒதுக்கி, எந்த நாள் என்று உங்கள் ஆடிட்டரிடமும் பக்கத்து இன்குபேட்டரிலும் சொல்லிவையுங்கள். ஊருக்கு வரும் நிறுவனர்களை அவர்கள் அந்த நாளுக்கு அனுப்பிவைப்பார்கள்.